கடிகாரத்தைப் பார்க்காதவர்

மஞ்சள் மண்டி அர்த்தநாரிக்கு அவர் மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். அன்றிலிருந்து அவருடைய இடது கை சும்மா இருக்கவில்லை.

மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அப்பாவின் பிறந்த நாளுக்கு ஆசையாக அனுப்பியது. வீட்டுக்கு வந்த புதுப் பொருளை அப்படியே எடுத்துக் கட்டிக்கொள்ள அவர் மனைவி சுலோச்சனா விடுவாரா? சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, முன்னால் ஒரு பொட்டும் பின்னால் ஒரு பொட்டும் வைத்த பிறகுதான் கையில் கொடுத்தார். தெருவில் இறங்குமுன் முன்பக்கத்துப் பொட்டை அர்த்தநாரி வேட்டி நுனியால் துடைத்துவிட்டார். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

கையைத் தூக்கினால்தான் அந்தக் கடிகாரத்தில் வெளிச்சம் வரும். ஆகவே அவர் தூக்கினார். தலையைக் கோதினார், கோதுவதற்கு அங்கே அதிகம் இல்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைச் சுட்டிக்காட்டி, நன்றாகச் சுற்றுகிறது என்று எல்லோருக்கும் தெரிவித்தார். பஸ் ஸ்டாப் பக்கம் நின்று கையைத் தூக்கியதில் பஸ் ஒன்று நின்றேவிட்டது. கண்டக்டர் திட்டிவிட்டுப் போனார். போகிற போக்கில் அவரும் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதில் அர்த்தநாரிக்குத் திருப்தி.

டீக்கடை ரங்கன் எடுத்த எடுப்பிலேயே விலை கேட்டார். "தெரியலீங்க, பாப்பா வாங்கிக் குடுத்தது" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி விலையையும் சொன்னார். தரகர் சென்னியப்பன், இதையே தன் மச்சினன் மகன் பாதி விலைக்கு எடுத்ததாகச் சொன்னார். சென்னியப்பனின் மச்சினன் மகன் எதையும் முழு விலைக்கு வாங்கி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜவுளிக்கடைக்காரர் உதட்டைச் சுழித்து, "இப்பெல்லாம் டூப்ளிகேட்டு நெறைய வருதுங்க" என்றார். பாங்கு மேனேஜர் தன் கையில் இருந்த பழைய கடிகாரத்தை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். அர்த்தநாரிக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

யார் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ராத்திரி சாப்பாட்டின்போது சுலோச்சனாவுக்கு நடித்தே காட்டினார். மேனேஜரை மட்டும் இரண்டு தடவை.

ஒருத்தர்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் நாச்சிமுத்து. மண்டியில் கல்யாணத்துக்கு முந்தின காலத்திலிருந்து அர்த்தநாரிக்குச் சரிபாதிக் கூட்டாளி. அதை நினைத்தால் அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் மில்லம்மாவைத் தேடிப் போனார்.

வாய்க்கால் ஓரத்தில் ஓட்டம் நின்றுபோன அரிசி மில் ஒன்று இருக்கிறது. அங்கே தங்கியிருக்கிறவரை ஊர் மில்லம்மா என்று சொல்லும். அவர் பிரசங்கம் செய்வதில்லை, திருநீறும் கொடுப்பதில்லை. கேட்கிறவர்கள் கேட்பார்கள். அவர் ஏதாவது சொல்வார், அல்லது ஏதாவது செய்வார். வயது நாற்பதுக்குச் சற்று மேல். அர்த்தநாரியோ அறுபதைத் தொடப் போகிறவர். அங்கே மூட்டுவலி சீடருக்குத்தான்.

முன்பு நெல் காயப்போட்ட பழைய களத்தில், நிழல் விழுந்த பக்கமாக அம்மா உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்ணா. உக்காருங்க."

அர்த்தநாரி முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

"மண்டியப் பிரிச்சுக்கறனுங்கம்மா."

"நாச்சிமுத்து அண்ணன்கிட்ட இருந்துங்களா?"

"வேற யாருங்க இருக்கறா? நாளைக்கு வக்கீல் வீட்டுல கையெழுத்துங்க. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தன். நாம ஒசர்றதப் பாத்துப் பொறாமையில வேகறவன் ஒருத்தனக் கூட வெச்சுக்கலாமுங்களா, கூடாதுங்களா?"

"வேகறாருன்னு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? இதக் கண்டதுல இருந்துதானுங்க." கையைத் தூக்கினார். கடிகாரம் ஒளிர்ந்தது.

"புதுசுங்களா?"

"ஆமாங்கம்மா." அந்தத் துக்கத்திலும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பாப்பா வாங்கிக் குடுத்ததுங்க."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"வடையப் புடுங்கிட்டானுங்கம்மா."

அம்மாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"சாயங்காலம் டீக்கடையில வடைய வாயிக்குக் கொண்டு போறன், கையில இருந்து புடுங்கி நாய்க்குப் போட்டுட்டான். எண்ணெயாம். இத்தன வருசத்துல எனக்கு எண்ணெய் ஆகாதுன்னு இப்பத்தான் தெரியுதாமா. சரி, அத விடுங்க. மூட்டை எறக்கற எடத்துல நாலு சத்தம் போட்டாத்தானுங்க மண்டி நடக்கும்? என்னைய வாயத் தொறக்க உட மாட்டேங்கறான். எல்லாத்தையும் அவனே பேசறான். மத்தியானமானா, போயிப் படுன்னு என்னைய ஊட்டுக்குத் தொரத்தறான். இன்னிக்குக் கூடத் தொரத்தித்தான் விட்டானுங்க. கல்லாவுல அவன் உக்காந்துக்கறான். இதுக்குப் பேரு என்னுங்க? மொதலாளி ஆகப் பாக்கறதுதானுங்களே?"

"ம்."

"எனக்குத் தெரியாம பாப்பாவுக்குப் போன் பண்ணி, ஒரு எட்டு வந்து அப்பனப் பாத்துட்டுப் போ கண்ணுன்னு சொல்லியிருக்கறான். எம் புள்ளைய எங்கிட்ட இருந்து பிரிக்கப் பாக்கறானுங்க."

"பிரிச்சுக்கலாம்னு அவருகிட்டச் சொன்னீங்களா?"

"நேத்துச் சொன்னனுங்க. சண்டைக்கு வருவான்னு பாத்தா, கண்ணத் தொடச்சுக்கறான். 'உம் மனசுப்படி பண்ணு அர்த்தநாரி, தெக்காலக் குடோனையும் நீயே எழுதிக்க, பாப்பாவுக்கு ஆகும்'ங்கறான். தெக்காலக் குடோன் அவுங்கப்பன் கட்டுனதுங்க. தப்புப் பண்ணாதவன் அதத் தூக்கிக் குடுப்பானுங்களா?"

அம்மா ஒரு கை பயற்றை முறத்தில் போட்டார்.

"கடிகாரத்த டீக்கடைக்காரரு எப்படிப் பாத்தாரு?"

இது அர்த்தநாரிக்குக் கை வந்த பாடம். எழுந்து நின்றார். மூட்டுவலி மறந்துபோனது. ரங்கன் கழுத்தை நீட்டியதைச் செய்து காட்டினார். சென்னியப்பன் கண்ணைச் சுருக்கியதையும், ஜவுளிக்கடைக்காரர் உதட்டைச் சுழித்ததையும் செய்து காட்டினார். மேனேஜர் சட்டைக்கையை இழுத்துவிட்டதைக் காட்டியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"நாச்சிமுத்து அண்ணன்?"

அர்த்தநாரி கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. இந்த ஒரு வேஷம் மட்டும் அவருக்கு வரவில்லை.

"அவன் கடிகாரத்த ஒருக்காப் பாத்தானுங்க. அப்பறம் பாக்கவே இல்லீங்க. எம் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான்."

"இப்பவும்?"

"இப்பவும் அதே கதைதானுங்க. நானும் கையக் கொண்டுபோயி அவன் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாத்துட்டன். அவன் கையத் தள்ளி உட்டுட்டு மூஞ்சியப் பாக்கறான். சொல்றதுக்கே கூச்சமா இருக்குதுங்கம்மா."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். "கையக் குடுங்க."

அர்த்தநாரி கொடுத்தார். அம்மா கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். ஒரு மூலையில் சின்னதாகச் சிவப்பு இதயம் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இரண்டு கோடு.

"இது என்னுங்ணா?"

"அது டிசைனுங்கம்மா."

"எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"கட்டுன நாள்ல இருந்தே அப்படித்தானுங்க." உண்மையில் அவர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கட்டிய நாள் முதல் அதன் முகம் எதிரே இருக்கிறவர் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

அம்மா வாரைக் கழற்றி, கடிகாரத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுவதும் சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நடுவில் குங்குமம், நாலு நாள் வேர்வையில் ஊறி நன்றாக அப்பியிருந்தது.

"சுலோச்சனா வெச்சதுங்க" என்றார் அர்த்தநாரி, பழியைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டு.

அம்மா சொம்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்துத் தேய்த்தார். முந்தானையால் துடைத்தார். திரும்ப அவர் கையில் கட்டிவிட்டு, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரியும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கோடு இரண்டும் மறைந்து, அந்த இடத்தில் எண்பத்தாறு என்று வந்தது.

"இது என்னுங்கம்மா?"

"உங்க நாடித் துடிப்புங்ணா. இது ஒரு நிமிசத்துக்கு. கடிகாரத்துக் கணக்குல இத்தன நாளா உங்களுக்கு அது இல்லாம இருந்துருக்குது."

அர்த்தநாரி சிரித்தார். நாடி இல்லாமல் நாலு நாள் மண்டிக்குப் போய் வந்ததை நினைத்து நன்றாகவே சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுபோனது.

"வடை..." என்றார்.

"ம்."

"பாப்பாவுக்குப் போனு..."

"ம்."

"தெக்காலக் குடோனு..."

அம்மா முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு பயறு உரிக்கத் தொடங்கினார்.

அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படி ஒரு வெட்கம் அவர் பட்டதில்லை. அந்த வெட்கத்தோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அழுகையும் வந்தது. வேட்டி நுனியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மொபெட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்துதான். ஒரு கையில் குடை, மறு கையில் தண்ணீர் பாட்டில். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை அட்டை, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கும்புடறனுங்க. ஊட்டுக்குத் தொரத்துனா இங்க நடந்து வந்துட்டான்னு சொன்னாங்க. இந்த வெயில்ல வரலாமுங்களா?" அதற்குள் அர்த்தநாரியின் கண் ஈரத்தைப் பார்த்துவிட்டார். குடை கீழே விழுந்தது. "என்னடா பண்ணுது? நெஞ்சுலயா? வாயத் தொற."

"நாச்சி, எனக்கு ஒண்ணுமில்லடா."

"பேசாத. வாயத் தொற."

"ஒண்ணுமில்லைங்கறன். பொட்டுடா. சுலோச்சனா கடிகாரத்துக்குப் பின்னால பொட்டு வெச்சுட்டா. அதுல துடிப்புத் தெரியாமப் போச்சு. இப்பப் பாரு." கையை நீட்டினார்.

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினார். நாச்சிமுத்து களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த தண்ணீரை அவரே குடித்து முடித்தார்.

பிறகு ஆரம்பித்தார்.

"ஏன்டா எருமை. எம் மச்சானுக்கு ஆஸ்பத்திரி மெசின்ல கடைசி நாள்ல இதே படந்தான்டா போட்டிருந்துது. இதே செவப்பு. அதுலயும் கோடுதான். டாக்டரு மாட்டிவிட்டத மறைக்கத்தான் இவன் பாப்பா வாங்கிக் குடுத்ததுன்னு ஊரெல்லாம் காட்டிச் சிரிச்சுட்டுத் திரியறான்னு நெனச்சன்டா. சாகப் போறவனுக்கு எத்தன தைரியம்னு ராத்திரியெல்லாம் உக்காந்து அழுதன்டா, கூறுகெட்டவனே. பொட்டாம். உம் மூஞ்சிக்குப் பொட்டு."

"நாளைக்கு வக்கீல் வீட்டுக்குப் போகலைடா" என்றார் அர்த்தநாரி மெல்ல.

"போயித்தான் பாரேன். கால ஒடிச்சுடறன். பத்திரமாம். கணக்குவழக்க முடிச்சுட்டுப் போகப் பாக்கறான்னு குடோனத் தூக்கிக் குடுத்தன் பாரு, என்னையச் சொல்லோணும். டேய், உனக்காகப் பழனிக்கு மொட்டை வேண்டியிருக்கறன்டா. இப்ப எவன்டா அடிச்சுக்கறது?"

அறுபது வயதிலும் நாச்சிமுத்துவுக்குத் தலை நிறைய முடி. அதற்கு மாதம் தவறாமல் மை பூசி, ஊர்ப்பயணத்திலும் சீப்பைப் பிரியாத மனிதர். அந்தத் தலையைத் தடவிக்கொண்டே அவர் திரும்பவும் முதலிலிருந்து திட்டத் தொடங்கினார். இந்தத் தடவை அர்த்தநாரியின் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்.

அர்த்தநாரி பொறுத்துப் பார்த்தார். பிறகு பாவமாக அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, எப்படித் திட்டறான் பாருங்க. நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா?"

அம்மா பயற்றங்காய் ஒன்றை எடுத்து நுனியைக் கிள்ளினார்.

"ஊருக்குள்ள வந்த பேச்செல்லாம் கடிகாரத்துக்கு வந்ததுங்ணா. உங்களுக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். பேசாம வாங்கிக்குங்க."