சுருக்கம் இல்லாத படம்

"இருபது நாளா எல்லாக் காந்தத்தையும் காட்டிப் பாத்துட்டேன் மேடம். அசைய மாட்டேங்குது," என்றார் இசக்கிமுத்து.

அவருக்கு நாற்பத்தேழு வயது. கல்லூரி விரிவுரையாளர், விடுப்பெடுத்து ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ரிஸ்வானாவுக்கு முப்பத்திரண்டு.

அசையாதது ஓர் இரும்பு ஆக்சைடு ஏடு. பாலில் படியும் ஏட்டைவிட ஆயிரம் மடங்கு மெலிது. அதற்குள் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு நேர் எதிராகத் திரும்பி நிற்கும். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லை.

உள்ளே அவை நிற்கும் கோலத்தை மாற்றிக் காட்ட வேண்டும். அறிக்கை இன்று மதியம் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகிறது. குழு ஏற்காவிட்டால் விடுப்பு ரத்து. பட்டமில்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ரிஸ்வானா அறிக்கையைப் புரட்டினார். அணுக்கள் நிற்கும் திசையை நிறமாகக் காட்டும் படத்தில் ஏடு முழுக்க ஒரே நீலம். ஒரே திசை.

"சுருக்கம் எங்க சார்?"

"முதல் பக்கத்துலயே இருக்கே மேடம். இருநூறு வார்த்தைக்குள்ளதான்."

"அந்தச் சுருக்கம் இல்ல. ஏட்டுல விழுந்த சுருக்கம்."

இசக்கிமுத்துவுக்குக் காது சுட்டது.

"விழல மேடம்."

"தண்ணியில மிதக்கவிட்டுத்தானே எடுத்தீங்க? எனக்கு முதல் நாப்பது ஏடும் கசங்கின வேட்டி மாதிரிதான் வந்துச்சு. உங்களுக்கு ஒண்ணுகூட விழலையா? அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும் சார்."

ரிஸ்வானா சிரித்தார். இசக்கிமுத்துவால் சிரிக்க முடியவில்லை.

ரெக்கார்டு நோட்டில், வரைபடக் கோட்டோடு சேராத ஒரு புள்ளியை அழித்துவிட்டாள் என்று ஒரு மாணவியை வகுப்பு முழுக்க நிற்க வைத்தவர் அவர்.

"வெட்டிட்டேன்," என்றார்.

"எதை?"

"சுருக்கம் விழுந்த ஓரத்தை. படத்துலேருந்து. ஏட்டைத் தண்ணியிலேருந்து எடுக்கும்போது கை நடுங்கிடுச்சு. இந்த வயசுல, உங்க முன்னால..."

ரிஸ்வானா நாற்காலியை நகர்த்திக் கணினி முன் இடம் விட்டார்.

வெட்டாத படத்தை இசக்கிமுத்துவே திறந்தார்.

சமமான இடமெல்லாம் நீலம். சுருக்கம் ஓடிய வழியில் நீலம் உடைந்திருந்தது. ஏடு வளைந்த முகட்டில் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே பச்சைச் சுழிகள்.

எந்தக் காந்தத்துக்கும் திரும்பாத அணுக்கள், ஏடு இழுபட்ட இடத்தில் திரும்பி நின்றன.

வெட்டிய அன்று அவர் அதைப் பார்க்கவே இல்லை. அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டிருந்தது.

ரிஸ்வானா ஆய்வக நோட்டை இழுத்து, தேதி போட்டு, 'கண்டறிந்தவர்: இசக்கிமுத்து' என்று எழுதினார்.

"வேண்டாம் மேடம். நான் எதையும் கண்டுபிடிக்கல. கை நடுங்கினதுல வந்தது."

"ஆமா சார். கண்டுபிடிச்சது உங்க கைதான்."

பேனாவை அவரிடம் நீட்டினார்.

"மறைச்சது நீங்க. அதை நீங்களே எழுதுங்க."