மீட்டர் சுற்றினால் தண்ணீரா?

துவாரகநாதன் தண்ணீர்க் கம்பெனியின் பெரிய அதிகாரி. முப்பது வருஷ உத்தியோகத்தில் பல இடங்களில் குப்பை, சாக்கடை, குடிநீர் என்று எல்லாப் பிரிவுக்கும் தலைவராக இருந்துவிட்டார். தெருக்குழாயடியில் மட்டும் நின்றதில்லை.

எங்கள் ஊருக்கு வந்ததும் வால்வு திறக்கும் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"செக்கடித் தெருவுக்குத் தண்ணீர் போகலைன்னு எழுதினது நீதானே? அந்தத் தெருக்குழாய் மீட்டர் தினமும் ஓடுது. பொய் சொன்ன உனக்கு நாளையிலேர்ந்து வேலை கிடையாது."

"சரிங்க ஐயா. அதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாத்திருங்க."

வந்தார். காலிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். இருளப்பன் குழாயைத் திறந்து, அதன் வாயில் ஒரு திருவிழாப் பீப்பியைச் செருகினான். தெருமுனைக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தான்.

மீட்டர் சுற்றியது. பீப்பி கத்தியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மாப்பிள்ளை அழைப்பு வருதுடி!" என்றாள் ஒருத்தி. தெருவே சிரித்தது.

"என்னய்யா இது?"

"காத்து ஐயா. தண்ணி பாதித் தெருவுல நின்னுருது. அது தள்ளுற காத்துதான் மீட்டரைச் சுத்திட்டு வெளியே வருது. மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணு. குடத்துக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

அதிகாரி பீப்பியைப் பிடுங்கிவிட்டுக் குழாயடியில் கையை நீட்டினார். வெகுநேரம் நீட்டியபடி நின்றார். கை நனையவில்லை.

"உன் வேலை போகாதுப்பா. எத்தனை நாளா இப்படி?"

"மீட்டர் வச்ச நாள்லேர்ந்து ஐயா. அதுக்கு முந்தி, தண்ணி வந்துச்சான்னு ஆபீஸ்ல எங்களைக் கேப்பாங்க."