துலாபாரத்தில் ஏறிய துயரம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு எதையும் எடை போட்டுப் பார்க்கும் பைத்தியம் இருந்தது. பிறந்தநாளன்று துலாபாரத் தராசில் தானே ஏறி உட்காருவார். மற்ற நாட்களில் பூசணிக்காய், புலவர் என்று அகப்பட்டதெல்லாம் ஏறும்.

பட்டத்து யானையின் பாகன் ஆண்டியப்பன் சில வாரங்களாக யானையைக் குளிப்பாட்டவில்லை, யாரோடும் பேசவுமில்லை. அந்தப் பாகன் வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கக் காத்திருந்த அரண்மனை வைத்தியர் சபையில் சொன்னார்:

"நாடி பார்த்தேன், மன்னா. காய்ச்சல் இல்லை. வீட்டில் சாவு இல்லை. கண்ணில் சொட்டு நீர் இல்லை. மனத்துயரமாம்! ஒன்றுமில்லை, வெறும் சோம்பல். ஊரைவிட்டு விரட்டுங்கள்."

ராஜா விகடகவி சடையனைப் பார்த்தார். "துயரம் இருந்தால் தராசில் நிறுத்திக் காட்டு. முள் அசையாவிட்டால் அவனோடு நீயும் வெளியேறு."

"என் மூளையை நிறுத்தினால்தான் முள் அசையாது, மன்னா."

சடையன் யானைக் கொட்டடிக்குப் போய்ப் பாகன் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். உறக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, யானை தோளைத் தொட்டால் முன்போல் சிரிப்பு வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

மறுநாள் சடையன் பாகனையும் சபைக்கு அழைத்துவந்து தராசருகே உட்காரவைத்தான். தராசின் ஒரு தட்டில், பாகன் தொடாத சோற்றுப் பானை ஏறியது. அவன் கண்மூடாமல் புரண்ட பாய் ஏறியது. துலக்காமல் களிம்பேறிய யானை மணிகளும் ஏறின.

"துயரத்துக்கு எடை கிடையாது, மன்னா. அது பறித்துக்கொண்டதற்கு உண்டு. வைத்தியரே, நீங்கள் கண்ட 'ஒன்றுமில்லை'யை எதிர்த்தட்டில் வையுங்கள்."

வைத்தியர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பானைத் தட்டு தரையில் இடித்தது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

சடையன் சிரிக்கவில்லை. மடியிலிருந்து பாகனின் அங்குசத்தை எடுத்துப் பானைமேல் வைத்தான்.

"'இனிமே எனக்கெதுக்கு, நீயே வச்சுக்க' என்று நேற்றுக் கொடுத்தான். உயிரே வேண்டாமென்று தோன்றுகிறதா என்று கேட்டேன். ஆமென்று தலையசைத்தான். எல்லாவற்றிலும் இதுதான் கனம், மன்னா."

ராஜா இறங்கிவந்து பாகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சடையா, என்ன பரிசு வேண்டும்?"

"இவன் தேறும்வரை வேலை இவனுக்கே இருக்கட்டும். தனியாக விடக்கூடாது, இன்றுமுதல் நானும் கொட்டடியில் படுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் குறட்டை விடுவேன், அவ்வளவுதான்."

ஆண்டியப்பன் மெல்லத் தலை நிமிர்ந்தான். "யானை மெரளுமே, சாமி."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. தன் பட்டுச் சால்வையை உருவி விகடகவியின்மேல் போட்டார்.

"தலையோடு போர்த்திக்கொண்டு குறட்டை விடு."