ஊர் பார்க்கும் தளம்

கொதிகலன் வெடித்து ஏழு பேர் இறந்த மறுநாள், சாய ஆலை முதலாளி குழந்தைவேலு, ஆலையின் இணையதளத்தைப் பராமரிக்கும் எஸ்தரை அழைத்தார்.

"தொழிலாளர் பட்டியல்ல இருந்து அந்த ஏழு பேரையும் எடுத்துரு. அவங்க இங்க வேலையே பார்க்கலன்னு சொல்லப்போறேன்."

வெளியிடும் முன் சரிபார்க்க வைத்திருந்த நகல் தளத்தில் பெயர்களை நீக்கி, எஸ்தர் அவரிடம் காட்டினாள். அவருக்குத் திருப்தி.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், "எங்க இணையதளத்தையே பாருங்க" என்றார். அதிகாரி தன் செல்போனில் திறந்தார். ஏழு பெயரும் இருந்தன.

முதலாளி அருகில் நின்ற எஸ்தரிடம் பாய்ந்தார். "எடுக்கச் சொன்னேன்ல?"

"நகல்ல எடுத்துட்டேன் சார். ஊர் பார்க்கிற தளத்துல ஏத்தச் சொல்லி நீங்க சொல்லலையே."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "யாரை எடுக்கச் சொன்னீங்க?"

எஸ்தர் செல்போன் திரையைப் பார்த்து ஏழு பெயரையும் நிதானமாக வாசித்தாள்.