அரக்கை உடைத்த தூக்கணாங்குருவி

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேசத் தெரியும், கூடு கட்டத்தான் தெரியாது. கிணற்றங்கரையில் கூடினால் வெயில் சாயும்வரை ஊர்க்கதை பேசும். முட்டையிடும் காலம் வந்துவிட்டால் மட்டும் பேச்சை விட்டுவிட்டு, வாயில் பழத்தைக் கவ்விக்கொண்டு எல்லாம் மாந்தோப்புக்குப் பறக்கும். அங்கேதான் கருமணியார் என்ற குயில் பழத்தை வாங்கிக்கொண்டு கூடு கொடுத்துவந்தார்.

கருமணியாரின் குரலைக் கேட்டால் யாருக்கும் மறுத்துப் பேச மனம் வராது. "இந்த வருஷக் கூட்டைப் பார்த்தீர்களா? வாசலில் சிவப்பு இறகு வைத்திருக்கிறேன்" என்று அவர் சொன்ன மாத்திரத்தில், போன வருஷக் கூட்டில் இருப்பவர்களுக்குத் தங்கள் வீடு பழசாகிப்போனது போலிருக்கும். கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்று யாரும் கண்டதில்லை. அடர்ந்த இலைகளுக்குப் பின்னால் காகங்கள் வேலை செய்தன. ஒரு காகம் நார் கிழிக்கும், ஒரு காகம் வளைக்கும், இன்னொன்று முடிச்சுப் போடும். ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாது. வெளியே வரும்போது கூட்டின் அடிப்பக்கம் அரக்கு வைத்து மூடப்பட்டிருக்கும். அரக்கை உடைத்தவருக்கு அதன்பிறகு கூடு கிடையாது. அது தோப்புச் சட்டம்.

கிணற்றங்கரைக் கருவேல மரத்தில் பொன்னுச்சி என்ற தூக்கணாங்குருவியும் அவன் மனைவி தினைமணியும் குடியிருந்தார்கள். முந்தின வருஷம் அவர்களுடைய கூடு மழையில் அடி பிரிந்து, முட்டைகள் கீழே விழுந்தன. விழுந்ததைச் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் புதுக்கூடு வாங்கி, தினைமணி மறுபடியும் முட்டையிட்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் காலையில் தினைமணி கூட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, அடிப்பக்கம் தொங்குது. நான் அசைஞ்சா முட்டை ஒரு பக்கமா உருளுது."

பொன்னுச்சி மாந்தோப்புக்குப் பறந்தான். கருமணியார் கிளையில் சாய்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கூட்டின் அடி தளர்ந்துவிட்டது. கொஞ்சம் நார் கொடுத்தால் கட்டிக்கொள்வேன்."

"எப்போது எடுத்த கூடு?"

"ஆடியில்தான் ஐயா."

"ஓ, அந்தக் கூடா? அதற்கான நார் இப்போது வருவதில்லையப்பா. புதுக்கூடு எடுத்துக்கொள். இதைவிட உயர்வானது."

"உள்ளே முட்டை இருக்கிறது. எப்படி ஐயா மாற்றுவது?"

"அது உன் பாடு" என்றார் கருமணியார், அதையும் இனிமையான குரலிலேயே.

திரும்பிவரும்போது கிழக்கே வானம் கருத்திருந்தது. பொன்னுச்சி கூட்டின் அடியில் தொங்கியபடி அந்த அரக்கையே பார்த்தான்.

"என்ன யோசனை?" என்றாள் தினைமணி.

"இதை உடைத்தால் நமக்கு இனிமேல் கூடே கிடையாது, தினை."

"உடைக்கலேன்னா சாயங்காலத்துக்குள்ள பிள்ளைங்களே கிடையாது. உடைங்க!"

பொன்னுச்சி அலகால் ஓங்கி ஒரு கொத்து கொத்தினான். அரக்கு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தான். கூடு முழுவதும் பனையோலைக் கீற்றால் பின்னப்பட்டிருந்தது. எத்தனை மழைக்கும் தாங்கும் கீற்று அது. ஆனால் எல்லாக் கீற்றுகளையும் சேர்த்துப் பிடித்திருந்த அடிமுடிச்சு மட்டும் வாழைநார். நனைந்து, அழுகி, தொட்டால் நூலாகப் பிரிந்தது. யாரோ தெரியாமல் வைத்ததல்ல. பனைக்கு நடுவே தேடி எடுத்து வைத்தது.

"போன வருஷம் நம்ம முட்டைங்க மழையால விழல" என்றான் பொன்னுச்சி. தினைமணி சிறகை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி முட்டைகளை அணைத்துக்கொண்டாள்.

அவன் பனைமரத்துக்குப் பறந்து, ஓலையிலிருந்து நீளமாக ஒரு கீற்றைக் கிழித்துவந்தான். பழைய முடிச்சு எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்துப் பார்த்துச் செருகினான். முதலில் கட்டியது நழுவியது. இரண்டாவது முறை இறுக்கியதில் கீற்றே அறுந்தது. தினைமணி உள்ளேயிருந்து, "இங்கே இன்னும் தளருது, என் வலது காலுக்குக் கீழே" என்று சொல்லச் சொல்ல, அவன் அவிழ்த்துக் கட்டினான். கடைசி இழுப்பில் முடிச்சு இறுகியபோது முதல் தூறல் விழுந்தது.

அன்று அடித்த மழையில் கருவேலமரத்தின் கிளைகளே முறிந்தன. கூடு ஆடியது, சுழன்றது. பிரியவில்லை.

மழை விட்டதும் பக்கத்துக் கிளையிலிருந்து சில்லைக்குருவி அக்கா அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய கூடு ஒற்றைக் கீற்றில் தொங்கியது. பொன்னுச்சி பறந்துபோய் அதன் அரக்கையும் உடைத்தான். அதிலும் வாழைநார்தான்.

"கட்டிக் கொடுத்துடு தம்பி" என்றாள் அவள்.

"கட்டித் தர்றேன் அக்கா. ஆனா கூடவே நின்னு பாருங்க. நாளைக்கு நான் இல்லேன்னாலும் நீங்க கட்டணும்."

சேதி தோப்புக்கு எட்டியது. மறுநாள் கருமணியாரே பறந்துவந்து, பொன்னுச்சியைத் தனியாக அழைத்தார்.

"கெட்டிக்காரனப்பா நீ. என்னோடு வந்துவிடு. இலைக்குள்ளே உட்கார்ந்து நீ கட்டு, நான் கொடுக்கிறேன். உன் குஞ்சுகள் பழத்திலேயே வளரும். ஒன்று மட்டும். இந்த முடிச்சு நம் இருவருக்குள் இருக்கட்டும்."

பொன்னுச்சிக்கு ஆசை இல்லாமலில்லை. தினந்தோறும் இரை தேடி அலைபவன் அவன். ஆனால் சில்லை அக்காவின் கூடு ஒற்றைக் கீற்றில் ஆடியது கண்முன் வந்தது.

"இலைக்குள்ளே எனக்குக் கண் தெரியாது ஐயா" என்று சொல்லிவிட்டு, நேரே கிணற்றை நோக்கிச் சாய்ந்திருந்த பனைமரத்துக்குப் பறந்தான். நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தால் தெரியும் ஓலை நுனியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க ஒரு புதுக்கூட்டைப் பின்னத் தொடங்கினான்.

பறவைகள் கூடிவிட்டன. பார்த்த பறவைகள் சும்மா இருக்குமா? "காற்றடித்தால் இது ரொம்ப ஆடுமே. உள்சுவரில் ஈரமண் அப்பு, கனம் இருந்தால் ஆடாது" என்றது தகைவிலான் குருவி. அப்பினான், ஆட்டம் நின்றது. "வாசலை மேலே வைத்தால் பாம்பு தலையை விடும். கீழே பார்த்த மாதிரி நீளமாக ஒரு குழாய் விடேன்" என்றாள் சில்லை அக்கா. அதையும் செய்தான். தினைமணி அவ்வப்போது முட்டைகளை விட்டு எழுந்து வந்து ஒவ்வொரு கீற்றையும் அலகால் இழுத்துப் பார்த்து, பிடிக்காத இடத்தைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் பிரிக்கச் சொன்னாள். மாந்தோப்புக் கூட்டைவிட இது நல்ல கூடாகிவிட்டது.

அப்போது கருமணியார் காகங்களுடன் வந்து இறங்கினார். முதன்முறையாக அவர் குரல் கரகரத்தது.

"திருடன்! என் முடிச்சைத் திருடிவிட்டான்!"

"திருடியிருந்தால் உங்களிடம் அது இல்லாமல் போயிருக்க வேண்டுமே ஐயா. இருக்கிறதா, இல்லையா?" என்றான் பொன்னுச்சி.

"இருக்கிறது. அதனால் என்ன? இந்தக் கூடு நிற்காது. இதில் குடியேறினால் குடும்பத்தோடு அழிவீர்கள்!"

பறவைகள் தயங்கின. எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல் அல்லவா? அந்தத் தயக்கத்தின் நடுவே, கரியாள் என்ற காகம் முன்னால் வந்தாள். தோப்பில் முடிச்சுப் போடும் வேலை அவளுடையது.

"வாழைநார் வைக்கச் சொன்னது இவர்தான். பனைநார் வைக்கலாமான்னு கேட்டேன். வச்சா அடுத்த வருஷம் யாரு வருவாங்கன்னு கேட்டாரு. நானும் வாயை மூடிக்கிட்டு வச்சேன். இனி வைக்கமாட்டேன்."

"நன்றி கெட்டவளே!" என்று கருமணியார் கத்தியபோது, பனையின் மேலே சரசரவென்று சத்தம் கேட்டது. மழைக்குப்பின் இரை தேடி வந்த சாரைப்பாம்பு ஓலை வழியே புதுக்கூட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

பாம்பு கூட்டின் உச்சியில் தலை வைத்துத் தேடியது. வாசல் இல்லை. சுற்றி வளைத்தது, கூடு நசுங்கவில்லை. கீழே குழாயைக் கண்டு அதன்மேல் இறங்கியது. பிடிக்க எதுவும் இல்லாமல் உடம்பு வழுக்கியது. வால் ஓலையிலிருந்து விடுபட, பாம்பு சுருளோடு கிணற்றுத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

கிணற்றங்கரையில் எழுந்த சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்! குருவிகள் பனையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. சில்லை அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். தினைமணி புதுக்கூட்டுக்குள் நுழைந்து, வாசலில் தலையை நீட்டி, "அடுத்த முட்டைக்கு இதுதாங்க வீடு!" என்று கூவினாள். கரியாளும் மற்றக் காகங்களும் தங்களுக்குத் தெரிந்த மட்டில் சுள்ளிகளை அடுக்கி, வேப்பமரத்தில் சொந்த வீடு கட்டப் போய்விட்டன.

கருமணியார் தோப்புக்குத் திரும்பினார். அங்கே நார் கிழிக்கவும் ஆளில்லை, வளைக்கவும் ஆளில்லை. அவரோ வாழ்நாளில் ஒரு நாரைத் தொட்டதில்லை. மனைவி முட்டையிடும் நேரம் வந்தபோது, காகத்தின் கூட்டில் வைத்துவிட்டு வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

குயிலுக்கு இன்றும் சொந்தக் கூடு இல்லாதது இதனால்தான். தூக்கணாங்குருவியோ அன்று தொடங்கிய பழக்கத்தை விடவில்லை. கிணற்றுக்கு மேலே ஊர் பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் கட்டுகிறது, பாதி பின்னிய கூட்டைத் திறந்தபடி தொங்கவிட்டு, பெண்குருவி வந்து இழுத்துப் பார்க்கக் காத்திருக்கிறது, தான் விட்டுப்போன கூட்டில் சில்லைகள் குடியேறினால் ஒரு வார்த்தை சொல்வதில்லை.