வீரசிங்கர் வீட்டு மாடிப்படி

முன்னொரு காலத்திலே நெடுங்கரை என்றொரு தேசத்தைக் கோதண்டவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. சாலை வேண்டும், பாலம் வேண்டும் என்று ஊர் ஊராக ஜனங்கள் அவன் வாசலில் வந்து நிற்பார்கள். கஜானாவோ வருஷத்துக்கு ஒரு வேலைக்குத்தான் தாங்கும். எந்த ஊருக்கு முதலில் என்பதில்தான் ராஜாவின் கூத்தெல்லாம். ஒரு வருஷம் பட்டத்து யானை எந்தத் திசை பார்த்துப் பிளிறியதோ அந்தத் திசைக்குச் சாலை போட்டான். இன்னொரு வருஷம் யார் பாடிய புகழ்ப்பாட்டு நீளமோ அவர் ஊருக்குப் பாலம் கட்டினான்.

பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போயிருந்தார் மந்திரி சேந்தனார். நியாயமாக ஒரு முறை வேண்டும் என்று அவர் மன்றாடியதில், ராஜா ஒரு வழியாக இணங்கினான். ஆனால் முறை வகுக்கும் வேலையைக் கஜானா அதிகாரி வீரசிங்கரிடம் கொடுத்துவிட்டான். வீரசிங்கருக்குச் சேந்தனார் பேரைக் கேட்டாலே வயிறு எரியும்.

அவர் வகுத்த முறை இதுதான்: வழிக்கு வழி ஆளை உட்காரவைத்து வண்டிகளை எண்ணுவது, வண்டி எங்கே அதிகமோ அங்கே பணம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எண்ணி முடித்தபோது, வீரசிங்கரின் மாளிகை இருந்த கடைவீதிக்கே பணம் என்றாயிற்று.

அன்று சபைக்கு மயிலன் என்று ஒருவன் வந்தான். ஆற்றுக்கு அக்கரையில் கரும்பாறை அவன் ஊர். மனைவிக்குப் பிரசவ வலி கண்ட நேரம் ஆற்றில் வெள்ளம். மருத்துவச்சி இக்கரையில் நின்று கத்திக் கத்திப் பக்குவம் சொன்னாளாம். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவன் அழவில்லை.

வீரசிங்கர் எழுந்தார். “கரும்பாறைத் துறையிலும் என் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், அரசே. ஒரு வண்டிகூட ஆற்றைக் கடக்கவில்லை. யாரும் போகாத இடத்துக்குப் பாலம் எதற்கு?”

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். பாலம் இல்லாததால்தானே யாரும் போகவில்லை என்று சேந்தனார் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ராஜா கொட்டாவி விட்டான்.

“பேச்சு வேண்டாம், அமைச்சரே. பௌர்ணமிக்குள் அதை என் கண்ணுக்குக் காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்.”

வீரசிங்கருக்கு மத்தியானம் சாப்பிட்டதும் மாடியில் ஒரு தூக்கம் போட்டாக வேண்டும். மறுநாள் அவர் குறட்டை கேட்கத் தொடங்கியதும், சேந்தனார் தச்சர்களோடு போய் மரப்படிகளை மெல்லக் கழற்றி எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு காவலாளியை நிறுத்தினார். பிறகு ராஜாவை அழைத்து வந்தார்.

விழித்த வீரசிங்கர், இறங்கக் காலை வைக்கப் போய்ப் பதறிப் பின்வாங்கினார். படி எங்கே என்று மேலிருந்தே கூச்சல் போட்டார்.

சேந்தனார் காவலாளியிடம், எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று கேட்டார். யாருமே இல்லை என்றான் அவன்.

“கேட்டீர்களா, அரசே? யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. இந்த வீட்டுக்குப் படி எதற்கு?”

ராஜா முதலில் புரியாமல் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெகுநேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. மேலே வேர்த்து வழிந்துகொண்டிருந்த மனிதரை அண்ணாந்து பார்த்தபடி, கரும்பாறைக்குப் பாலம் கட்ட உத்தரவு போட்டான். கட்டி முடியும்வரை வீரசிங்கர் அக்கரையில் குடியிருக்க வேண்டும் என்றும் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனார் கழுத்தில் போட்டான்.

ஊரெல்லாம் சேந்தனாரைக் கொண்டாடியது. அவருக்கோ நெஞ்சில் கல்லை வைத்தது போலிருந்தது. ஒருத்தி செத்தாள் என்று கேட்டு மனம் இரங்காத ராஜா, ஒருவர் மாடியில் மாட்டிக்கொண்டதைப் பார்த்து இரங்கிவிட்டான். இந்த வித்தை நாளைக்கு இன்னொரு ஊருக்குப் பலிக்குமா?

அரண்மனை வாசலில் சடைச்சி என்று ஒரு பெண் வழிமறித்தாள். மேட்டுக்காட்டுக்காரி. மலைச்சரிவில் பாதை இடிந்து அவள் ஊரும் துண்டாகக் கிடந்தது. சேந்தனார் தலையைக் குனிந்துகொண்டு, இந்த வருஷப் பணம் கரும்பாறைக்குப் போய்விட்டது என்று சொன்னார்.

“கரும்பாறையில செத்துட்டாங்க, அதனால கொடுத்தீங்க. சரிதான் சாமி,” என்றாள் அவள். “எங்க ஊர்ல இன்னும் யாரும் சாகலை. யாரு செத்தா எங்க முறை வரும்னு மட்டும் சொல்லிடுங்க. போய்ச் சொல்லணும்.”

அவள் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மலையைச் சுற்றிப் போகும் நெடுவழியில் நடக்கத் தொடங்கினாள். ராஜா அடுத்த வருஷத்துக்கு யானையையே கேட்கலாம் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தான்.