வெள்ளிக்கிழமை இலை

“என் மகன் சாப்பிட மாட்டேங்கான், அக்கா.”

வந்ததும் வராததுமாக அந்த அம்மா சொன்னது இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எங்கள் மடத்துக் குருவை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாமி, தாயே என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். வந்த அம்மாவுக்கு அக்காவைவிட நாலைந்து வயது கூடவே இருக்கும். பெயர் செண்பகவல்லி. அம்பாசமுத்திரத்துப் பக்கம்.

மகனையும் கூட்டி வந்திருந்தார். வேல்ராம். பன்னிரண்டாம் வகுப்பு. உள்ளே வரமாட்டேன் என்று வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான். சட்டை அவன்மேல் கொடியில் கிடப்பதுபோலக் கிடந்தது.

“எப்ப இருந்து?” என்றார் அக்கா.

“அரைப் பரீட்சையில ரெண்டு பாடம் போச்சு. அதுல இருந்துதான். ரெண்டு வாய் அள்ளுவான், எந்திரிச்சிருவான். ராத்திரி உறக்கம் கிடையாது. போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிரேயர்ல மயங்கி விழுந்துட்டான். டாக்டர் ரத்தம் கொறைவுன்னு மாத்திரை எழுதினாரு. பிள்ளை மனசுல என்னவோ கிடக்கு, கேட்டுப் பாருங்கன்னாரு. கேட்டா ஒண்ணுமில்லங்கான்.”

“ம்.”

“நான் என்ன குறை வச்சேன்? விளையாட்டை நிப்பாட்டிட்டேன். போனை வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஒரு தொந்தரவு கிடையாது. நாட்டுக்கோழி சூப்பு, முட்டை, எல்லாம் செஞ்சு கொடுக்கேன். இருந்தும் இப்படி இளைக்கான். பயமா இருக்கு அக்கா. ஒத்தப் பிள்ளை.”

அழுதுவிட்டார்.

அழட்டும் என்று அக்கா விட்டார். என்னிடம் மட்டும், “பையனுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுங்க” என்றார்.

கொண்டுபோனேன். மோர் அப்படியே திரும்பி வந்தது.

“என்ன சொன்னான்?” என்றார் அக்கா.

“எங்க அம்மாவுக்குக் கொடுங்க அண்ணாச்சிங்கான்.”

“பாத்தீங்களா?” என்றார் செண்பகவல்லி. “இப்படித்தான். எதையும் வாயில வைக்க மாட்டான்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சாப்பிட்டீங்களா?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா. பச்சைத் தண்ணிதான். செவ்வாயும் அப்படித்தான். மத்த நாள் ஒரு நேரம்.”

“என்ன வேண்டுதல்?”

“அவன் பாஸாகணும். அதுவரைக்கும் இப்படித்தான்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? தெரியட்டும்னுதான் அவன் சாப்பிடும்போது எதுத்தாப்புல உட்காருதேன். தண்ணிச் செம்பும் கையுமா. அதைப் பாத்தாவது புத்தி வந்து படிக்க மாட்டானா?”

அக்கா என் பக்கம் திரும்பி, “இலையைப் போடுங்க” என்றார்.

மடத்துச் சமையல் என்னுடையது. அன்றைக்கென்று பார்த்து முருங்கைக்காய் சாம்பார், அவியல், பொரித்த அப்பளம். காலையிலிருந்து அடுப்படியில் கிடந்ததில் வயிறு கபகபவென்று எரிந்தது.

அக்காவும் நாங்கள் ஆறேழு பேரும் பந்தியில் உட்கார்ந்தோம். எதிரே அந்த அம்மாவுக்கும் ஓர் இலை போடச் சொன்னார் அக்கா.

“அவனையும் கூப்பிடட்டுமா?” என்றார் செண்பகவல்லி.

“கொஞ்சம் பொறுங்க.”

சோறு விழுந்தது. அவசரக்காரன் நான். அப்பளத்தை நொறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டேன்.

“இன்னைக்கு நாம யாரும் சாப்பிட வேண்டாம்” என்றார் அக்கா.

மெல்வதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தேன்.

“ஏன் அக்கா?” என்றார் செண்பகவல்லி.

“உங்களுக்காகத்தான். உங்க கவலை தீரணும்லா. தீருற வரைக்கும் எங்களுக்குப் பச்சைத் தண்ணிதான்.”

“ஐயோ, எனக்காகவா? வேண்டாம் அக்கா!”

“நீங்க சாப்பிடுங்க.”

“நான் விரதம்லா?”

“அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சாப்பிடுங்க.”

எங்கள் இலைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மனசே இல்லாமல்தான் எடுத்தேன். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

“நல்லா அள்ளிச் சாப்பிடுங்க. உங்களுக்காகத்தானே இவ்வளவு பேரும் பட்டினி கிடக்கோம்.”

இரண்டாவது வாய் பாதி வழியில் நின்றது. பசியில் எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவியல் நல்லா இல்லையா?”

“இருக்கு அக்கா.”

“அப்புறம் என்ன?”

“எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா எப்படிக்கா தொண்டையில இறங்கும்? நான் என்ன பாவம் செஞ்சேன்? எனக்கு இந்தச் சோறே வேண்டாம்! எங்கேயாவது போய்த் தொலைஞ்சாத் தேவலைன்னு இருக்கு!”

கத்தியேவிட்டார்.

அக்கா தன் டம்ளரை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் வெளுத்துப்போனது.

“அடிப் பாவி” என்றார். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

கைகூடக் கழுவவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினார். என்ன ஆகுமோ என்று பின்னாலேயே நானும் போனேன்.

பையன் வேப்பமரத்து வேரில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் விரல்களில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

“எம்மா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்யா. இனிமே விரதம் இல்ல. விட்டுட்டேன்.”

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். மடையன் நான். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்:

“அப்ப, நான் பாஸாகலைன்னாலும் நீ செத்துப்போக மாட்டியாம்மா?”